ஊஞ்சலில் ஆடிய பெட்ரோல் டேங்க்

பிள்ளையார்பாளையத்தில் சாயப்பட்டறை கச்சபேசன் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். பால் வாங்கப் போகிறவன்கூட நின்று வழி சொல்லிவிட்டுப் போவான். அவர் பட்டறையை விட்டு நான்கு வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் பட்டறையை விடவில்லை. எப்படி விடும்? நாற்பத்தெட்டு வருஷம் பட்டுக்குச் சாயம் போட்ட கை அது. அந்தக் கை முக்கி எடுத்த அரக்கு நிறம் இன்றைக்கும் எத்தனையோ வீட்டுப் பீரோவில் போட்ட நாள் மாதிரியே இருக்கிறது. காஞ்சிபுரத்தில் சாயம் போடுகிறவர்கள் நூறு பேர் இருக்கலாம். எந்தக் கொதியில் எந்த நிறம் எத்தனை நிமிஷம் நிற்கும் என்று கடிகாரம் பார்க்காமல் சொன்னவர் ஒருவர்தான். சந்தேகம் இருந்தால் விசாரித்துக்கொள்ளலாம்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. வாத்தியார் அடித்து நின்ற படிப்பு இல்லை. வீட்டில் ஏழு வாய், ஒரே தறி. ஒன்பது வயசில் சாயக் கொப்பரை கழுவும் வேலைக்குப் போனார். அந்தப் பட்டறை முதலாளி சாயப்பொடியைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் நிறுப்பார். தொழில் வெளியே போய்விடக் கூடாதாம். பையன் என்ன செய்தான்? கொப்பரையின் அடியில் மிஞ்சிய தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தான். மிச்சத்தின் நிறத்தை வைத்தே போட்ட அளவைக் கண்டுபிடித்தான். யாரும் சொல்லித் தரவில்லை. கண்தான் வாத்தியார். இருபத்தாறு வயசில் சொந்தமாக ஒரு கொப்பரை, நாற்பதில் மூன்று. மாடி வீடு கட்டினார். மகன் தேவேந்திரனை எஞ்சினீயருக்குப் படிக்க வைத்தார். இப்போது பட்டறையை மருமகன் ஆனந்தகுமார் பார்த்துக்கொள்கிறான். கேஸ் அடுப்பு, எவர்சில்வர் தொட்டி எல்லாம் போட்டு நன்றாகவே நடத்துகிறான். அதைக் கச்சபேசன் வாய் விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அவர் வாங்கிய கார் கதைக்கு வருவோம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அந்த வண்டியைப் பார்த்தார். அறுபத்தெட்டாம் வருஷத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். ஒரு டாக்டர் வீட்டு வாசலில் நின்றிருந்தது. சின்ன வண்டி. முன்பக்கம் முழுவதும் முதலை வாயைப் பிளந்த மாதிரி அப்படியே தூக்கிக்கொள்ளும். அதெல்லாம் பிறகு தெரிந்தது. முதலில் அவரைப் பிடித்து நிறுத்தியது அதன் நிறம். வெண்ணெயில் ஒரு சொட்டு மஞ்சள் தண்ணீர் விழுந்தால் வருமே, அந்த நிறம். அதைப் பட்டில் கொண்டுவர அவர் மூன்று தடவை முயன்றிருக்கிறார். மூன்று தடவையும் மஞ்சள் ஒரு பிடி தூக்கிவிட்டது. தன் கைக்கு வராத ஒரே நிறத்தை வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறார்களே என்று விலை பேசி, அன்றைக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒரு வருஷம் ராஜா மாதிரி ஓட்டினார். அதற்குள் ஊரடங்கு வந்தது. அது முடிந்ததும் முழங்கால் ஆபரேஷன். அப்புறம் இன்றைக்கு நாளைக்கு என்று நாள் தள்ளிப்போய், வீட்டுப் பக்கவாட்டுக் கொட்டகையில் ஐந்து வருஷம் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. டேங்கில் பாதிப் பெட்ரோல் அப்படியே கிடந்தது.

கார்த்திகை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு நேரத்தில் தேவேந்திரன் பேச்சை எடுத்தான். அவனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனியில் வேலை. புதுக்காரும் வாங்கியிருந்தான். அது தெருவில் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

"வர்ற வியாழன் போயி அடுத்த வியாழன் ஆர்.சி. முடியுதுபா. வண்டி தன் கால்ல ஆய்வுக்குப் போயி நிக்கணும். கட்டி இழுத்துக்கினு போனா எவனும் பாக்க மாட்டான். இன்னா பண்ணப் போற?"

"போயி நிக்கும்."

"நிக்கலன்னா?"

"நிக்கும்னு சொல்றேன்ல?"

"எங்க கம்பெனியில நிமிஷத்துக்கு ஒரு வண்டி வெளிய வருதுபா. நீ அஞ்சு வருஷமா ஒரு வண்டிய வெளிய எடுக்கல."

இந்த ஒரு சொல் போதும். கச்சபேசன் சோற்றுக் கையை உதறினார்.

"த பாரு. அன்னிக்குக் காலைல பத்து மணிக்கு அந்த வண்டி தன் கால்ல இந்தத் தெருவத் தாண்டலன்னா நீயே இரும்புக் கடைக்கு ஏத்திக்கோ. உன் வண்டிய உள்ள வுட்டுக்கோ. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"இவரு வாயத் தொறக்க மாட்டாராம்" என்று ரசம் ஊற்றிக்கொண்டே சிரித்தாள் சம்பூர்ணம். கட்டிக்கொண்டு வந்து முப்பத்தெட்டு வருஷம் ஆன மனைவி. அவளுக்குச் சிரிக்க உரிமை உண்டு. ஆனால் வாக்கு வாக்குதான். முகூர்த்தப் புடவைக்கு இன்ன தேதியில் நூல் தருகிறேன் என்று சொன்னால், அடைமழையிலும் அடுப்பை மூட்டிக் கொடுத்தவர் கச்சபேசன். சொன்ன தேதி ஒரு நாள்கூட அவருக்குத் தப்பியதில்லை. இந்தத் தேதி தப்பினால் வண்டி போகும். அதோடு அந்தப் பெயரும் போகும்.

மறுநாள் காலையில் கோதண்டபாணி வந்தான். செவிலிமேட்டில் மெக்கானிக் கடை வைத்திருப்பவன். ஐம்பது வயசு, வாய் மட்டும் இருபத்தைந்து. புது பேட்டரி வைத்து, கார்புரேட்டர் வாயில் ஒரு மூடி பெட்ரோலை நேராக ஊற்றி முடுக்கினான். எஞ்சின் இரண்டு தடவை குரைத்து நின்றது.

"எஞ்சின் கல்லு மாதிரி இருக்குது அண்ணா. பெட்ரோல் வந்து சேரணும், அவ்ளோதான்." பிறகு பின்பக்கம் போய் டேங்க் மூடியைத் திறந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அய்யய்யோ. செத்துப்போச்சு அண்ணா. புதுசும் கெடைக்காது. ஒரு பிளாஸ்டிக் கேனைத் தொங்கவுட்டு ஓட்டிக்கலாம்."

"என் வண்டியில கேன் தொங்குமா? ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தற மாதிரி?"

"அப்ப நீயே பாத்துக்கோ."

"பாத்துக்கறேன்."

இரண்டு பேருமாக டேங்கைக் கழற்றி வெளியே எடுத்தார்கள். ஹெரால்டில் அது டிக்கிக்குள் இடது பக்கம் ஒட்டிக்கொண்டு இருக்கும். கவிழ்த்தால் பெட்ரோலா வந்தது? வெல்லப்பாகு மாதிரி ஒன்று இழுத்துக்கொண்டு வந்தது. ஐந்து வருஷம் கிடந்த பெட்ரோல் பிசினாகிவிட்டது. அதற்குள் துரு வேறு, காபிப்பொடி மாதிரி. கோதண்டபாணி மூக்கைப் பொத்தினான். கச்சபேசன் விரலில் தொட்டு உருட்டிப் பார்த்துச் சிரித்தார்.

பட்டும் இப்படித்தான். பூச்சி நூற்ற பச்சைப் பட்டில் பசை இருக்கும். விறைப்பாக, மங்கலாக, தொட்டால் வைக்கோல் மாதிரி இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அந்தப் பசையை எடுத்த பிறகுதான் அது பட்டு. ஆயிரம் ஆயிரம் கழி நூலுக்குப் பசை எடுத்த கைக்கு ஒரு தகர டப்பா எம்மாத்திரம்?

முதல் நாள் முழுவதும் திறந்த வெளியில் வைத்துத் தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொட்டினார், பெட்ரோல் வாடை போகும் வரைக்கும். அடுப்பைப் பக்கத்தில் கொண்டுவரவே இல்லை. அந்த விஷயத்தில் கோதண்டபாணி சொன்னதை மறு பேச்சில்லாமல் கேட்டார். மறுநாள் பட்டறையிலிருந்து கொதிநீரைக் கொண்டுவரச் சொல்லி, சோப்பும் சோடாவும் கலந்து ஊற்றி ஊறவைத்தார். பிசின் கரைந்து கறுப்புக் கஷாயமாக வெளியே வந்தது. ஆனால் ஒட்டியிருந்த துரு அசையவில்லை. உள்ளே கை போகாது, பிரஷ்ஷும் போகாது.

என்ன செய்தார் தெரியுமா? இரண்டு படி கருங்கல் சிப்ஸை டேங்குக்குள் கொட்டி, கொஞ்சம் சோடாத் தண்ணீரும் விட்டு, மூடியை இறுக்கி, கூடத்தில் தொங்கும் தேக்கு ஊஞ்சல் பலகையில் டேங்கைக் கயிறு போட்டுக் கட்டினார்.

"ஆட்டு" என்றார் சம்பூர்ணத்திடம்.

"இன்னாது?"

"ஊஞ்சல ஆட்டு. ஆடற ஆட்டத்துல கல்லு உள்ள ஒராஞ்சி துருவ எடுத்துக்கினு வரும்."

"இந்த வூட்டுக்கு வந்து இத்தினி வருஷத்துல என்ன உக்கார வச்சி ஒரு நாள் ஆட்டியிருப்பியா நீ? தகர டப்பாவுக்கு ஊஞ்சல் உற்சவம் நடத்தறாரு!"

சொன்னாளே தவிர ஆட்டினாள். கலகலவென்று தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டுத் தறியில் உட்கார்ந்திருந்த பூவம்மாள் எட்டிப் பார்த்து, "யாருக்குக்கா வளைகாப்பு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, டேங்கைத் திருப்பிக் கட்டி, மறுபடி ஆட்டல். இரண்டு நாள் நடந்தது. சிப்ஸைக் கொட்டிக் கழுவியபோது செங்கல் தூள் மாதிரித் துரு வந்து விழுந்தது.

இனிமேல் மெருகு. பட்டுக்குச் சாயம் ஏறியதும் கடைசியாக ஒரு முக்கு உண்டு. லேசாக ஆசிட் விட்ட புளிப்புத் தண்ணீரில் நூலை முக்கி எடுத்து, நிழலில் காயப்போடுவார்கள். அந்தக் கடைசிப் புளிப்பில்தான் பட்டுக்குப் பளபளப்பு வரும். கையில் பிடித்து நெரித்தால் கறுக்கென்று சத்தம் கேட்கும். வெயிலில் போட்டால் நிறம் கெட்டுவிடும். இது கச்சபேசனுக்குச் சொல்ல வேண்டிய விஷயமா? கை தானாகவே செய்தது. டேங்குக்குள் அதே புளிப்புத் தண்ணீரை விட்டுக் குலுக்கிக் கொட்டினார். கொட்டகை நிழலில் வாயைத் திறந்து கவிழ்த்து வைத்தார்.

கவிழ்க்கும் முன் கோதண்டபாணியைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே வெள்ளித் தட்டு மாதிரி மின்னியது.

"ஐயோ அண்ணா! கம்பெனியிலகூட இப்படி வந்திருக்காது."

"வந்திருக்காதுதான்" என்றார் கச்சபேசன். அடக்கம் என்பதை அவர் எப்போதும் பிறருக்கு விட்டுக்கொடுத்துவிடுவார்.

டேங்க் காய்ந்த இரண்டு நாளில் மற்ற வேலை நடந்தது. கூடத்தில் வெள்ளை வேட்டியை விரித்து, பெட்ரோல் பம்பையும் கார்புரேட்டரையும் பிரித்துக் கழற்றிய வரிசையிலேயே வைத்தார். தேவேந்திரன் கிண்டல் செய்தாலும் வெறுங்கையோடு வரவில்லை. புது ரப்பர் குழாயும் பம்புக்குள் போடும் புது ரப்பர் தட்டும் வாங்கி வந்திருந்தான்.

"இப்ப வர்ற பெட்ரோல்ல ஸ்பிரிட்டு கலந்து வருதுபா. பழைய ரப்பர் ஊறி இத்துப் பூடும். இது தாங்கும்."

"தெரியும், தெரியும்" என்றார் அவர். தெரியாது. வாங்கி மாட்டிக்கொண்டார்.

கார்புரேட்டரில் ஜெட் என்று ஒரு பித்தளைத் திருகு இருக்கிறது. நடுவில் மயிரிழை ஓட்டை. அதன் வழியாகத்தான் பெட்ரோல் எஞ்சினுக்குப் போகும். பிசின் அடைத்திருந்தது. கம்பி விட்டால் ஓட்டை பெரிதாகி வண்டி பெட்ரோலைக் குடித்துத் தீர்த்துவிடும் என்றான் கோதண்டபாணி. கச்சபேசன் பசை எடுக்காத பச்சைப் பட்டில் ஓர் இழையை உருவினார். அது விறைப்பாக நிற்கும், பித்தளையைக் கீறாது. ஓட்டையில் விட்டு நாலு இழுப்பு இழுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசி முனை அளவு வானம் தெரிந்தது. கோதண்டபாணியும் அதை வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். போகும்போது அந்தப் பட்டு இழையில் ஒரு பிடி கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாவற்றையும் மாட்டி, ஐந்து லிட்டர் புதுப் பெட்ரோல் விட்டார்கள். பம்பின் தலையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் உண்டு. டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் அதில் நிரம்பித்தான் போகும். முடுக்கினார். கிண்ணம் நிரம்பியது. எஞ்சின் ஒரு இருமல் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. தெருவே வெளியே வந்தது. கச்சபேசன் வேட்டியை மடித்துக் கட்டி, வண்டியைக் கொட்டகையிலிருந்து எடுத்து, எல்லோரையும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரைக்கும் போனார்.

அங்கே வண்டி நின்றுவிட்டது.

தள்ளிக்கொண்டு வந்தவர்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. முன்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தால் கண்ணாடிக் கிண்ணம் முழுவதும் சிவப்பு. துரு. ஜெட் அடைத்துக்கொண்டுவிட்டது. கழுவி மாட்டினார். திரும்பவும் பிள்ளையார் கோயில். கழுவி மாட்டினார். இந்தத் தடவை கோயில் வரைக்கும்கூடப் போகவில்லை.

திங்கட்கிழமையும் இதே கதை. கச்சபேசனின் வாய் சும்மா இருக்குமா? முதலில் பெட்ரோல் பங்க்கைத் திட்டினார். பிறகு மகன் வாங்கித் தந்த குழாயைத் திட்டினார். கடைசியில் கோதண்டபாணியைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டிக்கு அடியில போற பைப்ப நீ ஊதி எடுக்கல. அதுல இருந்துதான் வருது."

"மூணு வாட்டி காத்தடிச்சேன் அண்ணா. நீயும் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்த."

"ஒழுங்கா அடிக்கல."

"டேங்க் செத்துப்போச்சுன்னு அன்னிக்கே சொன்னேன். ஊஞ்சல்ல வச்சி ஆட்டினா பொணம் எழுந்து உக்காருமா?" கோதண்டபாணி ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை காலையில் தேவேந்திரன் கம்பெனியிலிருந்து போன் செய்தான். கிண்டல் இல்லாத குரல். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"அப்பா, வியாழக்கிழமை பத்து மணிக்கு ஒரு பிக்கப் வண்டி சொல்லி வச்சிருக்கேன். நீ சொன்னதுதான். ஓடிச்சுன்னா திருப்பி அனுப்பிடலாம்."

"அனுப்பத்தான் போற" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

கொட்டகைக்குப் போய்க் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினார். நாற்பத்தெட்டு வருஷம் செய்த காரியத்தை ஏன் இரண்டு நாளாகச் செய்யவில்லை என்று அவருக்கே தெரியவில்லை. திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பார்க்க மறந்துவிட்டார். சாயம் சரியாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டு, அது பரவுகிற விளிம்பைப் பார்க்க வேண்டும். சின்னப் பையனாகக் கொப்பரை கழுவியபோது கற்றுக்கொண்டது. கிண்ணத்தில் இருந்ததை வேட்டி முனையில் ஒரு சொட்டு விட்டார். பக்கத்தில், முதல் நாள் டேங்கிலிருந்து வந்து கொட்டகை மூலையில் கிடந்த பழைய துருவை எடுத்துக் குழைத்து இன்னொரு சொட்டு.

பழையது கறுப்புக் கலந்த அரக்கு. விளிம்பு தடித்து நின்றது. கிண்ணத்தில் வந்தது பளிச்சென்ற காவி; மஞ்சள் ஓடியது; விளிம்பே இல்லாமல் பவுடராகப் பரவியது.

இது ஐந்து வருஷத்துத் துரு இல்லை. இது ஒரு வாரத்துக் குழந்தை. டேங்கைத் தேய்த்துக் கழுவி வெள்ளித் தட்டு மாதிரி ஆக்கிய பிறகு, அந்தக் கொட்டகை நிழலில், கார்த்திகை ஈரத்தில் பிறந்தது. பங்க்கிலிருந்து வரவில்லை. குழாயிலிருந்து வரவில்லை. கோதண்டபாணி ஊதிய பைப்பிலிருந்தும் வரவில்லை.

அவர் வேட்டி முனையை வெளிச்சத்துக்குத் திருப்பி இன்னொரு தடவை பார்த்தார். கண் சொல்வது அவருக்கு எப்போதும் சரிதான். இதுவும் சரிதான் என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

சமையல்கட்டுக்குப் போனார். சம்பூர்ணம் இரும்புத் தோசைக்கல்லைக் கழுவி அடுப்பில் வைத்திருந்தாள்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். இரும்புச் சட்டியில புளிய ஊத்தி வச்சா இன்னா ஆவும்?"

"ஆவறது இன்னா? மறுநாளே காவி பூத்துப் பூடும்."

"கழுவிட்டு நெழல்ல காய வச்சா?"

"யாராவது இரும்பக் கழுவி நெழல்ல வைப்பாங்களா? இதோ, இப்படி அடுப்புல வச்சி ஈரத்த உறிஞ்ச வுட்டு, சூடு இருக்கச்சொல்லவே எண்ணெ தடவணும். இது கொழந்தைக்குக்கூடத் தெரியும்." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். அவள் தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுவதைத் தொடர்ந்தாள்.

பட்டுக்கு முதலில் சோடா, கடைசியில் புளிப்பு, நிழல். இரும்புக்கு எல்லாமே தலைகீழ். முதலில் புளிப்பு, கடைசியில் சோடா, உடனே சூடு. பட்டுக்குச் செய்வதையெல்லாம் வரிசை மாறாமல் இரும்புக்குச் செய்திருக்கிறார். காஞ்சிபுரத்துச் சாயக்காரன் ஒருவனைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இந்தத் தப்பு வந்திருக்காது. செய்தாலும் இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது.

மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு செவிலிமேட்டுக்கு நடந்தார். முழங்கால் வலித்தது. கோதண்டபாணி ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் படுத்திருந்தான்.

"கோதண்டம்."

"சொல்லு அண்ணா." எழுந்திருக்கவில்லை.

"உன் பைப்பு மேல தப்பு இல்ல. கொழா மேலயும் இல்ல. அந்தத் துரு நான் போட்டது."

கோதண்டபாணி மெதுவாகத் தலையை வெளியே நீட்டினான். "இன்னா சொன்ன?"

"ஒரு வாட்டிதான் சொல்வேன்."

"அதான் மழ வுடாம பெய்யுது!" என்று எழுந்து கையைத் துடைத்தான். "சரி, நட. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்குது."

அன்று பிற்பகலே டேங்கை மறுபடியும் கழற்றினார்கள். பெட்ரோலை வடித்து, வாடை போகும் மட்டும் தண்ணீர் விட்டுக் கொட்டவே பொழுது சாய்ந்துவிட்டது. புதன்கிழமை காலை முதல் வேலையாகப் புளிப்புத் தண்ணீர். புதுத் துரு நுரைத்துக் கரைந்தது. சாயம் பிடித்த கொப்பரையைக் கழுவுகிற மாதிரி நாலு தண்ணீர் மாற்றினார். அடுத்தது சோடாத் தண்ணீர், மிச்சப் புளிப்பு ஒரு துளிகூட நிற்காமல். கடைசியாக ஆனந்தகுமார் பட்டறையிலிருந்து ஆள் வைத்துச் சுமந்து வந்த கொதிநீர். தகரம் தொட முடியாதபடி சுட்டது. அந்தச் சூடு ஆறுவதற்குள் கொட்டிவிட்டு, பட்டறையில் இருந்த சூட்டுக் காற்று ஊதியை டேங்க் வாயில் வைத்தார்கள். பெட்ரோல் பார்த்த டேங்கை அடுப்பில் வைக்கிற அளவுக்கு அவர் ஒன்றும் அவசரக்காரர் இல்லை. ஈரம் சுத்தமாகப் போனதும், எஞ்சின் ஆயிலில் பெட்ரோலைக் கலந்து உள்ளே ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் புரட்டினார்கள்.

டார்ச் அடித்துப் பார்த்தார். வெள்ளித் தட்டு இல்லை. எண்ணெய் பூசிய சாம்பல் நிறம், தோசைக்கல் மாதிரி. அதைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. டேங்கை ஏற்றிப் பம்பையும் கார்புரேட்டரையும் கடைசியாக ஒரு தடவை கழுவி மாட்டி முடித்தபோது அடைமழை. ஓட்டிப் பார்க்க வழியில்லை.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கே பிக்கப் வண்டி வந்து வாசலில் நின்றது. அதிலிருந்து தேவேந்திரன் இறங்கினான், லீவு போட்டுவிட்டு. டிரைவர் கயிற்றை எடுத்து உதறிக்கொண்டிருந்தான். பூவம்மாள் தறியை விட்டு இறங்கி வாசலுக்கு வந்துவிட்டாள். சம்பூர்ணம் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி மாம்பழ நிறப் புடவை கட்டிக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கும்மா ஏறற? நின்னுச்சின்னா?" என்றான் மகன்.

"நின்னா எறங்கித் தள்ளுவேன். ஆட்டினவளுக்குத் தள்ளத் தெரியாதா?"

கச்சபேசன் முடுக்கினார். ஒரு தடவை பிடிக்கவில்லை. இரண்டாவது தடவையும் பிடிக்கவில்லை. பெட்ரோல் டேங்கிலிருந்து வந்து சேர நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியாது. மூன்றாவது தடவை எஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது. கோதண்டபாணி முன்பக்கத்தைத் தூக்கிக் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னாடா?" என்று கத்தினார்.

"ஒண்ணும் இல்ல அண்ணா. ஒண்ணுமே இல்ல, அதான் பாத்துக்கினு இருக்கேன். தண்ணி மாதிரி இருக்குது."

பத்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது வண்டி தெருவில் இறங்கியது. பிள்ளையார் கோயில் வந்தது. சம்பூர்ணம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கச்சபேசன் போட்டுக்கொள்ளவில்லை; இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. கோயில் பின்னால் போனது. சந்து, கடைவீதி, பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சிக்னல். சிக்னலில் நின்றபோதும் எஞ்சின் ஒரே சீராகத் தறி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் தேவேந்திரனை ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டி வந்துகொண்டே இருந்தது, நிச்சயமாக எங்காவது நின்றுவிடும் என்கிற நம்பிக்கையில்.

ஊருக்கு வெளியே இருந்த ஆய்வு மைதானத்தில் பெரிய வரிசை. அதிகாரி சின்ன வயசுக்காரர். ஹெரால்டைப் பார்த்ததும் அவராகவே எழுந்து வந்தார். விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்தார். முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டச் சொன்னார். முன்பக்கத்தைத் திறந்து எஞ்சின் நம்பரைப் பார்த்தவர் கண்ணாடிக் கிண்ணத்தில் விரலால் தட்டினார்.

"அஞ்சு வருஷம் நின்ன வண்டிங்கறீங்க. பெட்ரோல் இவ்வளவு சுத்தமா வருதே. எந்த ஒர்க்ஷாப்ல பண்ணீங்க?"

"வூட்ல" என்றார் கச்சபேசன். "நானும் எங்க மெக்கானிக்கும். கடைசி யோசனை வூட்டு அம்மாவோடது."

அதிகாரி பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் போனில் வண்டியை ஒரு படம் எடுத்துக்கொண்டார். கச்சபேசன் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

தேவேந்திரன் பேப்பரை வாங்கி இரண்டு தடவை படித்தான். பிக்கப் டிரைவர் பக்கத்தில் வந்து, "சார், கயிறு கட்டணுமா, வேணாமா?" என்று கேட்டான்.

"வேணாம்பா. நீ கெளம்பு. லோடு இல்ல."

"சார் எப்படிப் போவீங்க?"

தேவேந்திரன் ஹெரால்டின் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினான். கதவு மூடவில்லை. இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.

"தூக்கிப் புடிச்சி மூடணும்டா" என்றார் கச்சபேசன், திரும்பிப் பார்க்காமலேயே. "எஞ்சினீயரு!"

கதவு மூடிக்கொண்டது. வண்டி முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது.